தலைசிறந்த நாட்டுப்பாட்டு ஒப்பாரியே

2002ஆம் ஆண்டு பிபிசி உலக சேவை தன் 70ஆம் ஆண்டையொட்டி, உலகின் தலைசிறந்த பாடல் எது என்று நேயர்களிடம் வாக்குக் கேட்டது. அயர்லாந்தின் விடுதலை வேட்கையைச் சொல்லும் 19ஆம் நூற்றாண்டுப் பாட்டொன்று, உல்ஃப் டோன்ஸ் குழுவின் குரலில், முதலிடம் பெற்றது. ‘வந்தே மாதரம்’ இரண்டாவது, ‘தில் தில் பாகிஸ்தான்’ மூன்றாவது. நான்காம் இடமும் ஐந்தாம் இடமும் தமிழுக்கு வந்தன: ‘தளபதி’ படத்தின் ‘ராக்கம்மா கையத் தட்டு’, அடுத்ததாகத் திருமலைச் சந்திரன் பாடிய ஈழப் பாட்டு ‘பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது’. க்வீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சோடி’ பத்தாவதாக நின்றது. இதை இசைத் தரத்தின் வரிசையாக யாரும் கொள்ள முடியாது. எந்தச் சமூகம் திரண்டு வந்து வாக்களித்தது என்பதுதான் அதில் பதிவாகியிருக்கிறது. ஆனாலும் அந்த வரிசை நமக்கு ஒன்றைக் கற்றுத் தருகிறது. உலகெங்கும் சிதறி வாழும் ஐரிஷ்காரர்களும் ஈழத் தமிழர்களும் தம் பாட்டை மேலே ஏற்றப் பாடுபட்டதில் வியப்பில்லை. சொந்த ஊர் எட்டாத தொலைவுக்குப் போய்விடும்போது அந்த ஊரின் பாட்டுக்கு எடை கூடிவிடுகிறது. எக்காலத்துக்குமான தலைசிறந்த நாட்டுப்பாட்டு எது என்ற கேள்வியை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் நின்று கேட்பதற்கு இதுவே காரணம். வாக்கெடுப்பு வேண்டாம். எதை வைத்து அளப்பது என்று முதலில் தீர்மானிப்போம். அதன் பிறகு, தயங்காமல், ஒன்றைத் தேர்ந்தெடுப்போம்.

நாட்டுப்பாட்டை அளக்கும் தகுதி கிராமத்திலேயே இருப்பவருக்குத்தானே உண்டு, ஆலைச் சங்கொலி கேட்டு வளர்ந்த புறநகருக்கு அதில் என்ன வேலை என்று கேட்கலாம். அமெரிக்காவின் ‘கன்ட்ரி’ இசையின் வரலாறு இதற்கு விடை சொல்கிறது. 1927இல் விக்டர் நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர் பிரிஸ்டல் நகரில் கார்ட்டர் குடும்பத்தையும் ஜிம்மி ராட்ஜர்ஸையும் பதிவு செய்தபோது, அந்த மலையோர மக்களில் பலர் ஏற்கெனவே பஞ்சாலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் வேலைக்குப் போயிருந்தார்கள். பின்னாளில் வடக்கே மோட்டார் ஆலைகளுக்குப் போனார்கள். அந்த இசைத்தட்டுகளைக் காசு கொடுத்து வாங்கியவர்களில் அவர்களும் கணிசம். நாட்டுப்பாட்டு ‘நாட்டுப்பாட்டு’ என்று தனித்துத் தெரியத் தொடங்குவதே நாட்டைவிட்டு வெளியேறிய பிறகுதான். நம் வட்டாரத்தின் கதையும் இதுவே. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் ஆலை வந்தது; 1960களில் தொழிற்பேட்டை எழுந்தது; ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பாடியிலும் கொரட்டூரிலும் திருமுல்லைவாயலிலும் பட்டாபிராமிலும் குடியேறியவர்கள் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். ஒவ்வொரு குடும்பமும் ஓர் ஊரின் பாட்டைக் கொண்டுவந்தது. எந்தப் பாட்டு இந்தப் பெயர்ச்சியைத் தாங்கியது, எது வழியில் உதிர்ந்தது என்று பார்ப்பதற்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது.

ஆகவே முதல் அளவுகோல் இது: தன்னைப் பெற்ற தொழிலும் நிலமும் போன பிறகும் அந்தப் பாட்டு மக்கள் வாயில் இருக்கிறதா? ஏற்றப்பாட்டை எடுத்துக்கொள்வோம். மூங்கில் இலையில் நிற்கும் பனியைப் பாடிய ஏற்றக்காரர் பாதியில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போக, மிச்ச அடியைத் தானே முடிக்க முடியாமல் கம்பர் மறுநாள் வந்து காத்திருந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கவிச்சக்கரவர்த்தியையே காக்க வைத்த பாட்டு அது. பம்புசெட் வந்து ஏற்றம் மறைந்ததும் அதுவும் மறைந்தது. நடவுப்பாட்டுக்கு வயல் வேண்டும், வண்டிக்காரன் தெம்மாங்குக்கு இரவுநேர மண்சாலை வேண்டும். அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு ஏரிகளின் பாசனத்தில் விளைந்த நிலங்கள் மனைகளாகிவிட்டன. முகப்பேரில் வீட்டுவசதி வாரியம் கட்டிய குடியிருப்புக்கே ஏரித் திட்டம் என்றுதான் பெயர். மு. அருணாசலம் 1943இல் ‘காற்றிலே மிதந்த கவிதை’யிலும், பெர்சி மாக்வீன் திரட்டியவற்றைக் கி.வா. ஜகந்நாதன் ‘மலையருவி’யாகப் பதிப்பித்த நூலிலும், நா. வானமாமலை 1964இல் ‘தமிழர் நாட்டுப் பாடல்க’ளிலும் தொகுத்து வைத்திராவிட்டால் தொழிற்பாடல்களின் அழகில் பெரும்பகுதி நமக்குக் கிடைத்தே இருக்காது. அந்தத் தொகுப்புகளுக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆனால் இன்று அந்தப் பாடல்கள் நூலிலும் மேடையிலும் வாழ்கின்றன, வேலையில் வாழவில்லை. சாவு மட்டும் எந்த ஏரியோடும் எந்த வயலோடும் கட்டுண்டது அல்ல. பட்டாளத்துக் குடியிருப்பிலும் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையிலும் அடுக்குமாடி வாசலில் போட்ட ஷாமியானாவிலும் அது வருகிறது. அது வரும் இடத்துக்கெல்லாம் ஒப்பாரியும் வந்திருக்கிறது.

இரண்டாவது அளவுகோல், பாடுகிறவரின் வாழ்க்கை அந்தப் பாட்டுக்குள் நுழைய இடம் உண்டா என்பது. இங்கே சினிமாவைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. 1976இல் ‘அன்னக்கிளி’ வழியாக இளையராஜா கொண்டுவந்த மெட்டுகளால்தான் நாட்டுப்புற இசை நகரத்து வானொலிப் பெட்டியில் தலைநிமிர்ந்து உட்கார்ந்தது. கொல்லங்குடி கருப்பாயியும் பரவை முனியம்மாவும் தஞ்சை செல்வியும் சின்னப்பொண்ணுவும் தம் ஊர்க் குரலை மாற்றிக்கொள்ளாமலே திரையில் பாடினார்கள். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், புஷ்பவனம் குப்புசாமி போன்றோர் நாட்டுப்பாட்டை மேடைக் கலையாக்கி ஒரு தலைமுறைக்கே பழக்கினார்கள். இவர்களில் ஒருவரின் ஒரு பாட்டைத் தலைசிறந்தது என்று ஒருவர் சொன்னால் அவரோடு சண்டையிட நமக்கு மனமில்லை. ஆனால் ஒலிப்பதிவான பாட்டு முடிந்துபோன பாட்டு. கேட்பவர் அதை ரசிக்கலாம், கூடவே பாடலாம்; அதற்குள் தன் அண்ணன் பெயரையோ தன் ஊர் எல்லையையோ வைக்க முடியாது. ஒப்பாரியில் அப்படி வைக்காமல் பாடவே முடியாது. மரபு ஒரு சட்டத்தைத் தருகிறது: விளிச்சொல், இரட்டை இரட்டையாக வரும் அடிகள், ஒரே அடி ஒரு சொல் மட்டும் மாறித் திரும்பி வருதல், பொன்னும் முத்தும் தேரும் பல்லக்கும் கொண்ட உவமைக் களஞ்சியம், அடியின் இறுதியில் விம்மலாக நீளும் இழுப்பு. இந்தச் சட்டத்துக்குள் இறந்தவர் யார், தனக்கு என்ன உறவு, எப்படிப் போனார், இனித் தன் கதி என்ன என்பதைப் பாடுகிறவர் அந்த நொடியில் நிரப்புகிறார். தாய்க்கு அழுத பாட்டு மாமியாருக்கு அப்படியே ஆகாது. கணவனுக்கு அழுவது தம்பிக்குப் பொருந்தாது. ஒவ்வொரு முறையும் அது புதிதாகப் பிறக்கிறது, ஒருவருக்காக மட்டும்.

மூன்றாவது அளவுகோல்தான் நமக்கு முதன்மையானது: வேறெங்கும் சொல்ல முடியாத உண்மையை அந்தப் பாட்டு சொல்கிறதா? தாலாட்டே தலைசிறந்தது என்போர் இந்த இடத்தில் வலுவான வாதத்தோடு வருவார்கள். பாட்டென்று மனிதர் முதலில் கேட்பது அதைத்தான், அது மங்கலமானது, எல்லா வீட்டிலும் ஒலிப்பது. ஆய்வாளர்கள் தாலாட்டையும் ஒப்பாரியையும் சேர்த்தே பேசுவது வழக்கம். இரண்டுக்கும் வாய் ஒன்றுதான், உவமைகளிலும் பாதி பொதுவானவை. ஆனால் தாலாட்டு தன்னைச் சுற்றியிருப்பவர்களைக் காப்பாற்றிப் பேசுகிறது. மாமன் கொண்டுவரும் சீரையும் பாட்டன் வீட்டுப் பெருமையையும் அது அடுக்குகிறது. அந்தச் சீர் உண்மையில் வந்ததா என்பதை ஒப்பாரிதான் சொல்கிறது. பிறந்த வீட்டில் பங்கு இல்லாமல் போனது, அண்ணி வந்த பிறகு வாசல் அடைபட்டது, மாமியார் வீட்டில் பட்ட பாடு, தாலி இறங்கியதும் சபையில் இடம் இறங்கியது என்று உறவுக்காரர் அனைவரும் கூடியிருக்கும் இடத்தில், அவர்கள் முகத்துக்கு நேரே, ஒரு பெண் சொல்கிறாள். அழுகிறவளை யாரும் தடுக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். அந்த வழக்கம் தந்த பாதுகாப்பில் அவள் பேசுகிறாள். தமிழகத்தில் ஒப்பாரியை ஆராய்ந்த மானுடவியலாளர் இசபெல் கிளார்க்-டெசே 2005இல் வெளியிட்ட நூலுக்கு, இறந்தவருக்காக யாரும் அழுவதில்லை என்ற பொருளில் தலைப்பு வைத்தார். தமக்காகவே தாம் அழுவதாகப் பெண்கள் அவரிடம் விளக்கினார்கள். இதைத் தன்னலம் என்று படிப்பவர் தவறாகப் படிக்கிறார். பெண்ணுக்குப் பேச்சுரிமை தராத ஒரு சமூகத்தில், தன் வாழ்க்கையின் வரவு செலவைச் சபையில் வாசிக்கக் கிடைத்த ஒரே பொழுதை அவள் கலையாக்கிக்கொண்டாள்.

அழுகையைப் பாட்டென்று சொல்லலாமா, சாவு வீட்டோடு சேர்ந்த ஒன்றைத் தலைசிறந்தது என்று கொண்டாடலாமா என்பது நாம் எதிர்பார்க்கும் முதல் மறுப்பு. அதன் வலிமை நமக்குத் தெரியும். நல்ல வீட்டில் உட்கார்ந்து ஒப்பாரி பாடக் கூடாது என்ற நம்பிக்கையால் பாட்டுத் திரட்டப் போனவர்களுக்குப் பல பெண்கள் பாட மறுத்தார்கள். ஆனால் தமிழின் மிக உயர்ந்த கவிதைகளில் ஒரு பகுதி இந்த வகையைச் சேர்ந்ததுதான். தலைவன் இறந்தபின் பாடும் கையறுநிலை புறத்திணையில் முறையான ஒரு துறை. புறநானூற்றில் பாரி மகளிர் பாடியதாக உள்ள சிறு பாட்டு, தந்தையும் மலையும் போனதை நிலவொளியில் நின்று சொல்கிறது. ஈராயிரம் ஆண்டுப் புகழில் அதற்கு இணையான பாட்டுகள் குறைவு. துறவியான பட்டினத்தார் தாய்க்குத் தீ மூட்டும்போது பாடியவை இன்றும் தமிழர் இறுதிச் சடங்குகளில் ஒலிக்கின்றன. பறம்பு மலையை இழந்த பெண்கள் பாடினால் இலக்கியம், பட்டாபிராமில் கணவனை இழந்த பெண் பாடினால் ஓலம் என்று பிரிப்பதற்கு இலக்கணத்தில் இடம் இல்லை. யாப்பு இருக்கிறது, மரபு இருக்கிறது, கற்பதற்கு மூத்த பெண்கள் இருக்கிறார்கள், நன்றாகப் பாடுகிறவரையும் சுமாராகப் பாடுகிறவரையும் பிரித்தறியும் காது ஊருக்கு இருக்கிறது. கலைக்கு வேறென்ன வேண்டும்?

கடலுக்கு அப்பாலும் இதே தீர்ப்பு வந்திருக்கிறது. அமெரிக்கக் கன்ட்ரி இசையில் எக்காலத்துக்குமான தலைசிறந்த பாட்டு எது என்று போடப்பட்ட பட்டியல்களில் திரும்பத் திரும்ப முதலிடம் பெற்ற பாட்டு ஜார்ஜ் ஜோன்ஸ் 1980இல் பாடிய ‘ஹி ஸ்டாப்டு லவிங் ஹெர் டுடே’. பாபி பிராடக்கும் கர்லி புட்மனும் எழுதியது. ஒருத்தியைக் கடைசி மூச்சுவரை நேசித்த ஒருவன் இறந்துவிட்டான்; அவன் சவ அடக்கத்துக்கு அவள் வருகிறாள்; பாட்டின் கதை அவ்வளவே. இத்தனை சோகமான பாட்டை யாரும் வாங்க மாட்டார்கள் என்று ஜோன்ஸ் நினைத்தார். கன்ட்ரி இசைச் சங்கம் 1980, 1981 என்று இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அதை ஆண்டின் சிறந்த பாட்டாகத் தேர்ந்தெடுத்தது. அதற்கு முன்னே, 1935இல், பழைய தேவாலயப் பாட்டொன்றை மாற்றி எழுதிக் கார்ட்டர் குடும்பம் பதிவு செய்த ‘கேன் த சர்க்கிள் பி அன்ப்ரோக்கன்’ அந்த இசை உலகின் பொதுப்பாட்டாகவே ஆகிவிட்டது. அதுவும் தாயின் சவ வண்டி வீட்டைவிட்டுப் போவதைப் பார்த்து நிற்கும் பிள்ளையின் பாட்டு. காதலும் குடியும் ரயிலும் சிறையும் பாடிய ஒரு பெரிய மரபு, தனக்கென ஒரே பாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் சாவு வீட்டுக்குப் போய் நிற்கிறது. மண்ணைவிட்டு வந்தவர்களின் இசையில் இது தற்செயலாக நடப்பதில்லை. ஊரில் ஒரு சாவு விழுந்தால் ஊரே அழும். ஆலைக் குடியிருப்பில் அந்த ஊர் இல்லை. பாட்டுதான் ஊரைக் கூட்ட வேண்டும்.

ஒரு பாட்டைக் கேட்டால் ஒரு வகையைக் காட்டுகிறீர்களே, இது கேள்வியிலிருந்து நழுவுவது ஆகாதா என்பது இரண்டாவது மறுப்பு. பெயர் தெரிந்த ஆசிரியரும் பதிவான தட்டும் உள்ள மரபில் தனிப்பாட்டைச் சுட்டலாம். நம் நாட்டுப்பாட்டு அப்படி அமைந்ததில்லை. தொகுப்பு நூலில் அச்சான ஓர் ஒப்பாரியை எடுத்து இதுதான் தலைசிறந்தது என்று சொன்னால், அதே பெண் அடுத்த சாவில் அதைவிட நன்றாகப் பாடியிருக்கக் கூடும் என்ற உண்மையை நாம் மறைத்தவர்கள் ஆவோம். கர்நாடக இசையில் ஒரு ராகத்தைச் சிறந்தது என்று ஒருவர் சொல்லும்போது அவர் நழுவுகிறார் என்று யாரும் குறை சொல்வதில்லை. ஒவ்வொரு கச்சேரியிலும் அது வேறாக விரியும் என்பது தெரிந்ததே. ஒப்பாரியிலும் தேர்வுக்குரியது அந்த விரியும் ஆற்றல்தான். மேலும், மற்ற நாட்டுப்பாட்டு எதிலும் இல்லாத ஒரு குறிப்பு அதில் உண்டு. ஒவ்வோர் ஒப்பாரிக்கும் ஒரே ஒரு பாட்டுடைத் தலைவர்; அவருக்குப் பெயரும் முகமும் உண்டு. வகை என்று நாம் சொல்வது, இப்படித் தனித்தனியே பாடப்பட்டு எழுதப்படாமல் போன எண்ணற்ற பாட்டுகளின் பொதுப்பெயர்.

மூன்றாவது மறுப்பைத்தான் நாம் மிகுந்த அக்கறையோடு எதிர்கொள்ள வேண்டும். தமிழகத்தில் சாவுச் சடங்கு சாதியால் கட்டப்பட்டது. நிலக்கிழார் வீட்டுச் சாவுக்குப் பறையடிக்கவும் மாரடித்து அழவும் தலித் மக்கள் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். இனி அடிக்க மாட்டோம் என்று மறுத்த ஊர்களில் ஊர்விலக்கையும் அடிதடியையும் சந்தித்தார்கள். அப்படிப்பட்ட கண்ணீரைத் தலைசிறந்த கலை என்பது அந்தக் கொடுமைக்கு மாலை போடுவதாகாதா? கட்டாயக் கண்ணீரை நாம் கொண்டாடவில்லை. அது ஒழிந்தது நல்லது, எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கேயும் ஒழிய வேண்டும். ஆனால் கலையையும் அடிமைத்தனத்தையும் பிரித்துக் காட்டும் வேலையை அந்த மக்களே செய்து முடித்திருக்கிறார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்களும் சென்னையின் புத்தர் கலைக்குழுவும் பறையைச் சாவுக் கடமையிலிருந்து மீட்டு மதிப்புமிக்க இசையாக ஊரறிய அடித்தார்கள். இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’வை கே.ஏ. குணசேகரன் ஊர் ஊராகப் பாடியபோது, புலம்பலாக இருந்த குரல் உரிமைக் குரலாக எழுந்தது. அந்தக் குரலுக்குத் தொண்டை பழகியது வேறு எங்கே? எசமான் வீட்டில் கூலிக்கு அழுத அதே பெண், தன் வீட்டுச் சாவில் தன் வாழ்க்கையின் அநியாயத்தை ஒன்று விடாமல் சொல்லத் தெரிந்தவள். நாம் தேர்ந்தெடுப்பது இந்த இரண்டாவது பாட்டை.

எல்லாம் சரி, ஒப்பாரியே மறைந்துகொண்டிருக்கிறதே, முதல் அளவுகோலில் அதுவும் தோற்றுவிட்டதல்லவா என்று கடைசியாகக் கேட்பார்கள். குளிர்பதனப் பெட்டி, மின்மயானம், அரைநாள் விடுப்பு ஆகியவற்றுக்கு நடுவே கட்டியழுது பாட நேரம் சுருங்கிவிட்டது என்பதை மறுக்க மாட்டோம். 2020இல் கொரோனாக் கட்டுப்பாடு இறுதிச் சடங்குக்கு 20 பேர் என்று வரம்பு விதித்தபோது, அழ ஆள் இல்லாத சாவு எத்தகைய துன்பம் என்பதை எல்லா வீடுகளும் கண்டன. ஆனால் சென்னை தன் ஒப்பாரியை இழக்கவில்லை. அதற்குக் கானா என்று பெயர் வைத்தது. வடசென்னையில் வேர்விட்ட கானாவின் முக்கியமான களம் சாவு வீட்டு இரவு. இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவர் செய்த தொழிலையும் பழகிய நண்பர்களையும் வைத்து, அங்கேயே பாட்டுக் கட்டுவது மரண கானாவின் முறை. ஒப்பாரியின் இலக்கணம் அப்படியே அதில் இருக்கிறது. ஒரு குறை உண்டு: கானா பெரும்பாலும் ஆண்களின் மேடையாகிவிட்டது. அதிலும் மாற்றம் தொடங்கிவிட்டது. பா. இரஞ்சித்தின் முயற்சியில் 2018 தொடக்கத்தில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் பாடும் இசைவாணி, கானாவில் பெண் குரலை நிலைநிறுத்தினார். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். தொழில் மாறினாலும் மாநகரம் மாறினாலும் வேறு உடலெடுத்து வரும் பாட்டு எந்த அளவுகோலிலும் தோற்றதாகாது.

ஆகவே நம் தேர்வு ஒப்பாரி. தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கடமையும் உண்டு. திருநின்றவூரிலும் வேப்பம்பட்டிலும் திருவேற்காட்டிலும் மாங்காட்டிலும், ஊரிலிருந்து பாட்டோடு வந்த முதல் தலைமுறைப் பெண்கள் இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டியவர்கள். அவர்களிடம் வட ஆர்க்காட்டின் பாட்டும் தென்பாண்டிப் பாட்டும் தஞ்சைப் பாட்டும் ஒரே தெருவில் கிடைக்கின்றன. எந்தக் கிராமத்திலும் காணாத செல்வம் இது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்குத் தனித்துறையே அமைத்துத் திரட்டியதுபோல, இப்பகுதிக் கல்லூரிகளின் தமிழ்த் துறைகள் இந்தப் பாட்டுகளைத் திரட்ட வேண்டும். பாடுகிறவரின் சம்மதம் பெற்று, அவர் பெயரிட்டு, அவர் குடும்பத்துக்கு ஒரு படி கொடுத்து, மிச்சத்தை நூலகத்தில் எல்லோரும் கேட்கும்படி வைக்க வேண்டும். சாவு வீட்டில் கைப்பேசியை நீட்டிப் படம்பிடிப்பது திரட்டுதல் ஆகாது. துக்கம் தணிந்த பின், அவர் விரும்பும் இடத்தில், அவர் பாடச் சம்மதிப்பதை மட்டும் பதிய வேண்டும். எழுத்தாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு. தமிழ்க் கவிதையின் வரலாற்றை எழுதும்போது பாரி மகளிருக்குப் பின் ஒரு பெரிய இடைவெளி விட்டுவிட்டு நவீன பெண் கவிஞர்களிடம் தாவுவதை இனியாவது நிறுத்துவோம். அந்த இடைவெளியில் பெயரில்லாத ஆயிரமாயிரம் பெண்கள் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். நம் மொழியின் தலைசிறந்த நாட்டுப்பாட்டை ஆக்கியவர்கள் அவர்கள். அவர்களில் இன்னும் நம்மிடையே இருப்பவர்களைப் பெயரோடு பதிவது இந்தத் தலைமுறையால் மட்டுமே முடியும்.